பொதுநிலம் காத்த கால்கள்

இங்கிலாந்து நாட்டின் நகரங்கள் பலவற்றில் வேலைநாளின் மாலைப்பொழுதுகளில் சிறு கூட்டமொன்று ஓடிவருவதைக் காணலாம். சிவப்புப் பனியன் அணிந்த ஆண்களும் பெண்களுமாக இருபது பேர் இருக்கலாம். அலுவலகம் முடிந்து ஓரிடத்தில் கூடி, இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவு ஓடி, ஊர்ப் பொதுத்தோட்டம் ஒன்றின் வாயிலை அடைவார்கள். அங்கே மண்வெட்டியும் கையுறையும் தள்ளுவண்டியும் காத்திருக்கும். முக்கால் மணி நேரம் களை பிடுங்குவார்கள், குப்பை பொறுக்குவார்கள், மரத்தடிகளுக்கு மக்கிய இலையுரம் சுமப்பார்கள். பணி முடிந்ததும் வந்த வழியே ஓடித் திரும்புவார்கள். இப்பணிக்குக் கூலி இல்லை; பாராட்டுவிழாவும் இல்லை.

இது புதுமையான செய்தியாகத் தோன்றலாம். உடற்பயிற்சி ஒரு துறை, தோட்டப்பணி வேறொரு துறை என்று பிரித்தே பழகிய நமக்கு இவ்விரண்டின் சேர்க்கை வியப்பளிப்பதும் இயல்பே. எனினும் வரலாற்றை ஊன்றி நோக்குங்கால், பொதுநிலத்தைக் காலால் சுற்றிவந்து கையால் காக்கும் வழக்கம் அந்நாட்டில் மிகப் பழமையானது என்பதும், அவ்வழக்கம் திருச்சபையின் வழிபாட்டிலிருந்தே கிளைத்தது என்பதும் புலனாகும். அவ்வரலாற்றின் சில கட்டங்களை இங்கு நினைவுகூர விழைகிறோம். பொதுவுடைமையான ஒன்றைப் பேணும் பொறுப்பு யாருடையது என்னும் கேள்வி அவ்வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வருகிறது. அக்கேள்வி நமக்கும் உரியதே.

எல்லை சுற்றிய பவனி

ஐந்தாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சு நாட்டின் வியன் நகரில் மாமெர்த்துஸ் என்னும் ஆயர் இருந்தார். இயற்கைச் சீற்றங்களால் மக்கள் கலங்கியிருந்த வேளையில், ஏறத்தாழ 470-ஆம் ஆண்டில், ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவுக்கு முந்திய மூன்று நாள்களையும் நோன்பும் பவனியுமாக அனுசரிக்க அவர் ஏற்பாடு செய்தார். இவையே மன்றாட்டு நாள்கள் எனப் பெயர்பெற்றன. விளைநிலங்கள் ஆசி பெறவும், பஞ்சமும் கொள்ளைநோயும் நீங்கவும் வேண்டிப் புனிதர் மன்றாட்டுமாலையைப் பாடியவாறு இறைமக்கள் வயல்வெளிகளின் ஊடே நடந்தனர். 747-இல் இங்கிலாந்தில் கூடிய குளோவெஷோ சங்கம் இந்நாள்களைக் கடைப்பிடிக்குமாறு பணித்தது. 1969-ஆம் ஆண்டின் வழிபாட்டு நாள்காட்டிச் சீர்திருத்தத்துக்குப் பின்னர், இவற்றை எப்போது எவ்வாறு கொண்டாடுவது என்பது அந்தந்த நாட்டு ஆயர் பேரவையின் பொறுப்பாயிற்று.

இங்கிலாந்தில் இப்பவனி மற்றொரு பயனையும் தந்தது. நிலப்படங்கள் அரிதாயிருந்த அக்காலத்தில் ஒரு பங்கின் எல்லை எது, ஊர்ப் பொதுநிலம் எதுவரை செல்கிறது என்பதை ஊராரின் நினைவே காத்துவந்தது. ஆகவே குருவானவர் முன்செல்ல, ஊர்மக்கள் ஆண்டுதோறும் எல்லையைச் சுற்றி வந்தார்கள். எல்லைக்கல் வந்ததும் நின்று, உடன்வந்த சிறுவரை அக்கல்லின்மேல் முட்டவைப்பார்கள். பிரம்பால் ஓரடி கொடுப்பதும் உண்டு. வலித்த இடத்தைச் சிறுவன் மறவான். அறுபது ஆண்டுகள் கழிந்தும் சாட்சி சொல்வான் என்பது அவர்தம் கணக்கு. எல்லையில் நிற்கும் முதிய கருவாலி மரத்தடியில் நற்செய்தி வாசிக்கப்படும். லண்டனில் 'காஸ்பல் ஓக்' என வழங்கும் பகுதியின் பெயர் இவ்வழக்கத்தின் எச்சமே. பொதுநிலத்தில் எவரேனும் திருட்டுத்தனமாக வேலி எழுப்பியிருந்தால் பவனி வந்தோர் அதைத் தகர்த்துவிட்டே மேற்சென்றார்கள். சிலர் கோடரியோடு வந்ததும் அதற்காகவே.

சமயப் பிளவுக்குப் பின்னர் எலிசபெத் அரசியின் ஆட்சியில் ஏனைய பவனிகள் தடைசெய்யப்பட்டபோதும், 1559-ஆம் ஆண்டுக் கட்டளைகளில் இந்த எல்லைப்பவனி மட்டும் விலக்குப் பெற்றது. ஊருக்கு அதன் தேவை அத்துணை இன்றியமையாததாய் இருந்தது போலும்! சால்ஸ்பரி நகரை அடுத்த பெமர்ட்டன் என்னும் சிற்றூரில் ஆங்கிலிக்கன் சபைக் குருவாய்ப் பணியாற்றிய கவிஞர் ஜார்ஜ் ஹெர்பெர்ட், சிற்றூர்க் குருவின் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் மறைந்து பல்லாண்டு கழிந்து 1652-இல் அது அச்சேறியது. எல்லைப்பவனியால் விளையும் நன்மைகள் நான்கு என அதில் வகுத்துக் காட்டுகிறார். விளைச்சலுக்கு இறையாசி கிடைக்கிறது என்பது முதலாவது; எல்லைகள் காக்கப்படுவதால் நீதி நிலைக்கிறது என்பது இரண்டாவது. ஒருவரோடொருவர் நடந்து உரையாடுவதால் பகை தீர்ந்து அன்பு வளர்கிறது என்பதை மூன்றாவதாகவும், அந்நாளில் ஏழைகளுக்கு ஈகை செய்யப்படுவதால் இரக்கம் வாழ்கிறது என்பதை நான்காவதாகவும் அவர் வைக்கிறார். இந்நான்கையும் மனத்தில் இருத்திக்கொள்வோம். பின்னர் நமக்குப் பயன்படும்.

வேலிகள் எழுந்த காலம்

பொதுநிலம் என்றால் உரிமையாளர் அற்ற நிலம் என்று எண்ணிவிடலாகாது. இங்கிலாந்தின் சட்டப்படி நிலத்துக்கு உரிமையாளர் ஒருவர் உண்டு. ஆனால் அதன்மேல் ஊராருக்கும் உரிமைகள் உண்டு. ஆடுமாடு மேய்ப்பது, விறகு பொறுக்குவது, அடுப்புக்குப் புற்கரி வெட்டுவது ஆகியன அவ்வுரிமைகளுள் சில. 1217-ஆம் ஆண்டின் காட்டுச் சாசனம் அரசரின் காடுகளில் வாழ்ந்த மக்களுக்கு இத்தகைய உரிமைகளை உறுதிசெய்தது. ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசுவும் ஓர் அடுப்பும் இவற்றாலேயே நிலைத்தன.

கம்பளி வாணிகம் செழித்தபோது நிலைமை மாறியது. உழுநிலமும் பொதுநிலமும் ஆட்டுக்கிடைகளாயின, குடியானவர் வெளியேற்றப்பட்டனர். பின்னாளில் மறைச்சாட்சியாய் உயிர்நீத்த புனித தாமஸ் மூர், 1516-இல் வெளிவந்த தம் 'உட்டோப்பியா' நூலில், சாதுவான ஆடுகள் மனிதரையே விழுங்கத் தொடங்கிவிட்டன என்று கசந்து கூறியது இதைக் கருதியே. பின்னர் நாடாளுமன்றமே வேலியடைப்புக்குச் சட்டம் இயற்றலாயிற்று. 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட தனிச்சட்டங்களால் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலம் அடைக்கப்பட்டது. விளைச்சல் பெருகியது உண்மை. ஆயினும் ஒரு பசுவைக் கட்டவும் இடமின்றி நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் துயரும் உண்மையே.

நகரங்களிலோ மூச்சுவிட இடமில்லை. தொழிலாளர் குடியிருப்புகளில் நடந்து உலவத் திறந்தவெளி இல்லை என்பதை 1833-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று ஆராய்ந்து அறிவித்தது. 1840-இல் கிழக்கு லண்டன் மக்கள் 30,000 பேர் கையொப்பமிட்டுத் தமக்கு ஒரு பூங்கா வேண்டுமென விக்டோரியா அரசிக்கு விண்ணப்பித்தார்கள். 1845-இல் விக்டோரியா பூங்கா திறக்கப்பட்டது. 1847-இல் பெர்க்கன்ஹெட் நகரில் பொதுப்பணத்தில் அமைந்த பூங்கா திறப்புவிழாக் கண்டது. இழந்த பொதுநிலத்துக்கு ஈடாக ஒரு துளியேனும் திரும்பி வந்தது எனலாம்.

வேலி சாய்ந்த இரவு

எஞ்சிய பொதுநிலங்களைக் காக்க 1865-இல் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டிலேயே அதற்குச் சோதனை வந்தது. லண்டனுக்கு வடமேற்கே பெர்க்கம்ஸ்டெட் என்னும் ஊரின் பொதுநிலத்தில் 400 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பை, அருகிலிருந்த மாளிகையின் பிரபுக்குடும்பம் இரும்பு வேலியிட்டு அடைத்தது. அகஸ்டஸ் ஸ்மித் என்னும் செல்வர் அந்நிலத்தில் உரிமையுள்ளவர், எதிர்க்கத் துணிந்தார். 1866 மார்ச் 6 நள்ளிரவுக்குப் பின் லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து சிறப்பு ரயிலில் ஏறத்தாழ 120 தொழிலாளர் புறப்பட்டனர். இருளிலே நடந்து பொதுநிலத்தை அடைந்து, விடிவதற்குள் மைல்கணக்கில் நீண்டிருந்த வேலியைப் பெயர்த்து அடுக்கி வைத்தனர். காலையில் செய்தி கேட்டு ஊரார் திரண்டு வந்தார்கள். நிலம் மீண்டும் தமதே என்பதற்கு அடையாளமாக அங்கு வளர்ந்திருந்த முட்செடியில் ஒரு கிளையை ஒடித்துச் சென்றவர்களும் உண்டு. வழக்கு நான்கு ஆண்டுகள் நடந்து 1870-இல் பொதுநிலத்தின் பக்கமே தீர்ப்பாயிற்று.

எப்பிங் காட்டின் வரலாறு இதனினும் உருக்கமானது. அக்காட்டை ஒட்டிய லௌட்டன் என்னும் ஊரின் ஏழைகளுக்குக் குளிர்காலத்தில் மரக்கிளைகளைக் கழித்து விறகாக்கும் உரிமை இருந்தது. நவம்பர் 11, தூர் நகரப் புனித மார்ட்டினின் திருநாளன்று, நள்ளிரவில் அப்பருவம் தொடங்கும். நள்ளிரவில் எவரேனும் ஒருவர் ஒரு கிளையையாவது வெட்டவேண்டும், தவறினால் உரிமையே போய்விடும் என்பது அவர்களது நம்பிக்கை. ஓர் ஆண்டு அவர்களை விருந்துக்கு அழைத்து மதுவில் மயக்கி அந்நேரத்தைத் தவறவைக்க முயன்றனர் என்றும், தாமஸ் வில்லிங்கேல் என்னும் முதியவர் மட்டும் எழுந்துபோய்க் கிளையொன்றை வெட்டிவந்து விருந்தினர் முன் வைத்தார் என்றும் அவ்வூரில் ஒரு கதை வழங்குகிறது. ஆடையைப் பகிர்ந்து குளிரில் நடுங்கியவனைப் போர்த்திய புனிதரின் நாளில் ஏழையின் அடுப்புக்கு விறகு கிடைத்தது எத்துணைப் பொருத்தம்!

1860-களில் அவ்வூரின் நிலக்கிழாராகவும் அவ்வூர் ஆங்கிலிக்கன் ஆலயத்தின் குருவாகவும் ஒருவரே இருந்தார். ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை அடைத்தவரும் அவரே. எல்லையைக் காக்கப் பவனியின் முன்னே நடந்த குருமரபில் வந்தவரே வேலியடைத்தார் என்பதை நம்போன்ற குருக்கள் விரைந்து கடந்துசெல்ல இயலாது. வழக்கம்போல் கிளை வெட்டியதற்காக 1866-இல் வில்லிங்கேல் குடும்பத்தாரைச் சேர்த்து மூவர் சிறை சென்றனர். முதியவர் வில்லிங்கேல் தொடுத்த வழக்கு 1870-இல் அவரது மறைவோடு முடங்கியது.

அப்போது எதிர்பாராத திசையிலிருந்து துணை வந்தது. லண்டன் மாநகராட்சி கல்லறைத்தோட்டம் அமைப்பதற்காக அக்காட்டின் ஓரத்தில் நிலம் வாங்கியிருந்தது. அந்நிலத்தோடு காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் சேர்ந்தே வந்திருந்தது. அவ்வுரிமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு மாநகராட்சி 1871-இல் வழக்காடி 1874-இல் வென்றது. இறந்தோர்க்காக வாங்கிய நிலம் வாழ்வோர்க்குக் காட்டை மீட்டுத் தந்தது! 1878-ஆம் ஆண்டுச் சட்டம் எப்பிங் காட்டை வேலியின்றிக் கட்டடமின்றி மக்களின் மகிழ்வுக்கென என்றும் காக்கப் பணித்தது. 1882 மே 6 அன்று விக்டோரியா அரசி நேரில் வந்து அதனை மக்களுக்கு உரித்தாக்கினார். கிளை வெட்டும் உரிமை நீக்கப்பட்டதற்கு இழப்பீடாகக் கிடைத்த தொகையில் லௌட்டன் மக்களுக்குப் பொதுமண்டபம் ஒன்று எழுந்தது. 1884-இல் திறக்கப்பட்ட அம்மண்டபம் 'கிளைவெட்டு மண்டபம்' என்று பொருள்படும் பெயரையே தாங்கி நிற்கிறது.

சட்டமும் கைகளும்

வழக்கில் வென்றால் போதுமா? ஒக்டாவியா ஹில் என்னும் பெண்மணி போதாது என்று கண்டார். 1838-இல் பிறந்த இவர் லண்டன் ஏழைகளின் குடியிருப்புகளைச் சீர்செய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். 1875-இல் ஸ்விஸ் காட்டேஜ் வயல்வெளியைக் காக்க அவர் நிதி திரட்டிப் போராடியும் அது கட்டடங்களுக்குப் பலியாயிற்று. அவர் தளரவில்லை. ஏழைகளின் வாழ்வில் அழகையும் சேர்க்கவேண்டும் என்னும் நோக்கோடு அவருடைய தமக்கை மிராண்டா தொடங்கிய சங்கத்தின் வழியாக, நகரின் மூலைமுடுக்குகளிலிருந்த பாழிடங்களைத் தோட்டமாக்க முனைந்தார். ஒரே அறையில் குடும்பமே வாழும் வீட்டாருக்குத் திறந்தவெளிக் கூடமாக அவை அமையவேண்டும் என்பது அவருடைய கனவு.

1887-இல் சதக் பகுதியில், தீக்கிரையான காகிதத் தொழிற்சாலை நின்ற இடத்தில், 'ரெட் கிராஸ்' தோட்டம் உருவானது. குளமும் பாத்தியும் பொதுக்கூடமும் கொண்ட அச்சிறு தோட்டம் இருபதாம் நூற்றாண்டில் பேணுவாரின்றிச் சிதைந்தது. 2006-இல் உள்ளூர் அறக்கட்டளையொன்றின் முயற்சியால் மீண்டும் பழைய வடிவம் பெற்றது. ஒக்டாவியா ஹில் 1895-இல் வழக்கறிஞர் ராபர்ட் ஹண்டர், ஆங்கிலிக்கன் குரு ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகியோருடன் இணைந்து தேசிய அறக்கட்டளையை நிறுவினார். அந்நிறுவனம் இன்றும் இங்கிலாந்தின் கடற்கரைகளையும் குன்றுகளையும் காத்துவருகிறது.

இதே காலத்தில் மற்றொரு வகை நிலமும் மக்களுக்குத் திறந்தது. நெரிசலால் மூடப்பட்ட பழைய கல்லறைத்தோட்டங்களின்மேல் கட்டடம் எழுப்புவதை 1884-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அவற்றுள் பல, கல்லறைக் கற்கள் சுவரோரம் சாய்த்துவைக்கப்பட்டு, மரநிழலும் இருக்கையும் கொண்ட சிறு பூங்காக்களாயின. இன்று லண்டன் நகரத்தின் நடுவே அலுவலர் அமர்ந்து நண்பகல் உணவு உண்ணும் பசுந்திடல்கள் பல ஒருகாலத்தில் ஆலயத்தை அடுத்த கல்லறைத்தோட்டங்களே.

ரெட் கிராஸ் தோட்டம் நமக்கு உணர்த்தும் பாடம் ஒன்றுண்டு. நிலத்தை வேலியிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் காப்பது சட்டத்தின் வேலை. அது ஒரு முறை நடந்தால் போதும். புதரிலிருந்தும் குப்பையிலிருந்தும் காப்பதோ கைகளின் வேலை. அது வாரந்தோறும் நடக்கவேண்டும். இவ்விரண்டாம் காவல் தவறுமிடத்து, தீர்ப்பால் மீட்ட நிலமும் மக்கள் அஞ்சி ஒதுங்கும் பாழிடமாகும். பாழிடத்தை விற்றுவிடுவது நகராட்சிக்கு எளிது. அப்போது தடுப்பாரும் இரார்.

காற்றை அரைத்த கால்கள்

இனி ஓட்டத்தின் கதைக்கு வருவோம். 1818-இல் வில்லியம் கியூபிட் என்னும் பொறியாளர் சிறைக்கைதிகளுக்கென மிதிசக்கரம் ஒன்றை வடிவமைத்தார். அகன்ற உருளையின் படிகளில் கைதிகள் வரிசையாக ஏறிக்கொண்டேயிருப்பர். உருளை சுழன்று கீழிறங்கும். எத்துணை நேரம் ஏறினாலும் நின்ற இடத்திலேயே நிற்பர். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, தண்ணீர் இறைத்தது. வேறு பலவற்றில் எதையும் செய்யவில்லை. காற்றை அரைக்கிறோம் என்று கைதிகள் அதைச் சொல்வதுண்டு. உழைப்பு பயனற்றது என்பதே அத்தண்டனையின் கொடுமை. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் 1895-இல் பென்டன்வில் சிறையில் அதனை மிதித்தார். 1898-ஆம் ஆண்டின் சிறைச்சட்டம் அதற்கு முடிவு கட்டியது.

இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் ஓடுபட்டையின்மேல் மக்கள் பணம் கொடுத்து ஓடுகிறார்கள். அதன் ஆங்கிலப் பெயரும் பழைய சிறைச்சக்கரத்தின் பெயரும் ஒன்றே! உடல்நலம் பேணுவது நற்செயல்; அதைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும் இத்தனை மனித ஆற்றல் சுவரை நோக்கி ஓடி வீணாகலாமா என்று ஒருவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

முதலில் அதைச் செயலாக்கியவர் ஒரு மருத்துவர். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் சோனிங் காமன் என்னும் ஊரில் பணியாற்றிய வில்லியம் பேர்டு, 1998-இல் பாதுகாப்புத் தொண்டர் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து 'பசுமை உடற்பயிற்சிக் கூடம்' என்னும் முயற்சியைத் தொடங்கினார். மருந்துச்சீட்டோடு மண்வெட்டியையும் அவர் பரிந்துரைத்தார் எனலாம். 2004 அக்டோபர் 2 அன்று லண்டனை அடுத்த புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹூயிட் என்பவர் 13 பேரைக் கூட்டி ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை நடத்தினார். சனிக்கிழமைதோறும் கட்டணமின்றித் தொண்டர்களால் நடத்தப்படும் 'பார்க்ரன்' அவ்வாறு பிறந்து உலகின் பல நாடுகளுக்கும் பரவியது.

இவ்விரண்டு ஓடைகளும் கலந்த இடம் கிழக்கு லண்டன். திரைப்பட இயக்குநர் ஐவோ கோர்ம்லி, வீட்டைவிட்டு வெளியேற இயலாத முதியவர் ஒருவருக்குச் செய்தித்தாளைக் கொண்டுசென்று சற்று உரையாடிவரும் பணியைத் தம் ஓட்டத்தின் இலக்காக்கிக்கொண்டார். வாரந்தோறும் தாம் ஓடத் தவறாமலிருக்க அம்முதியவரே தமக்குப் பயிற்சியாளர் என்று கருதினார். அதிலிருந்து 2000-களின் இறுதியில் 'குட்ஜிம்' என்னும் அமைப்பு முளைத்தது. அவ்வமைப்பினர் தனித்திருக்கும் முதியோரை ஓடிச்சென்று சந்திக்கிறார்கள்; அவர்களின் வீடுகளில் கட்டில் நகர்த்துவது, விளக்கு மாற்றுவது போன்ற சிறு வேலைகளைச் செய்கிறார்கள்; குழுவாக ஓடிச்சென்று பொதுத்தோட்டங்களைச் செப்பனிடுகிறார்கள். பிரிஸ்டல், லிவர்ப்பூல், யார்க் என ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு அது பரவியது. 2016-இல் சுவீடன் நாட்டின் எரிக் ஆல்ஸ்ட்ரோம், ஓடியவாறே குப்பை பொறுக்கும் பழக்கத்துக்கு 'பிளாகிங்' எனப் பெயரிட்டுப் பரப்பினார்.

ஓடுவோர் குழுவுக்குத் தோட்டப்பணி பொருந்துவதேன்? கணக்கு எளிது. இருபது பேர் முக்கால் மணி நேரம் உழைத்தால் பதினைந்து மணி நேர உழைப்பாகிறது. ஒரே தோட்டக்காரர் இரண்டு நாள் செய்யும் வேலை ஒரு மாலையில் முடிகிறது. உரம் சுமப்பதற்கும், இலையுதிர்காலத்தில் டாஃபடில் கிழங்குகளை ஊன்றுவதற்கும் பெரிய பயிற்சி தேவையில்லை. ஆயினும் பருவமறிந்து செய்யவேண்டும். பறவைகள் கூடுகட்டும் மார்ச் முதல் ஆகஸ்டு வரை புதரையும் வேலிச்செடியையும் வெட்டலாகாது. முட்புதர் அகற்றுவது குளிர்கால வேலை. இமயமலையிலிருந்து 1839-இல் அழகுக்கெனக் கொண்டுசெல்லப்பட்ட காசித்தும்பை இனம் ஒன்று ஆற்றோரங்களை மூடி ஏனைய செடிகளை நெருக்கிவிடுகிறது. அதன் காய் தொட்டால் வெடித்து ஏழு மீட்டர் தொலைவுக்கும் விதை தெறிக்கும். எனவே காய் முற்றுமுன் கோடையிலேயே பிடுங்கவேண்டும். வேர் ஆழமற்றதாகையால் கையாலே வந்துவிடும். பல கைகள் ஒரே நாளில் கூடினாலன்றி அதை வெல்ல இயலாது.

கடமை யாருடையது?

இங்கே ஒரு தடை எழுகிறது. அதை ஒளிக்காமல் எடுத்துரைப்பது முறை. பூங்காக்களைப் பேணுவது இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்குச் சட்டக் கட்டாயம் அன்று. ஆகையால் பணமுடை நேரும்போதெல்லாம் முதலில் வெட்டப்படுவது பூங்காவின் பங்கே. 2010-க்குப் பின் வந்த சிக்கன ஆண்டுகளில் தோட்டக்காரர் பலர் வேலையிழந்தனர். 2017-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று, பூங்காக்கள் சரிவின் விளிம்பில் நிற்கின்றன என எச்சரித்தது. இந்நிலையில் தொண்டர்கள் இலவசமாக உழைப்பது அரசு தன் கடமையைக் கைகழுவ உதவாதா? ஊதியம் பெற்று வாழ்ந்த தோட்டக்காரரின் இடத்தை, நல்லெண்ணத்தோடு ஓடிவரும் அலுவலர் பறித்துவிடலாகுமா?

மறுபுறமும் கேள்வி உண்டு. 2016 ஏப்ரலில் பிரிஸ்டல் அருகே லிட்டில் ஸ்டோக் பூங்காவில், வாரந்தோறும் ஓடுவோர் பாதைப் பராமரிப்புக்கு ஒரு தொகை தரவேண்டும் என்று உள்ளூர்ப் 'பேரிஷ்' மன்றம் பெரும்பான்மை வாக்கால் முடிவுசெய்தது. கட்டணமில்லா ஓட்டம் என்னும் கொள்கையை விட்டுக்கொடுக்க மனமின்றிப் பார்க்ரன் அமைப்பினர் அங்கு ஓட்டத்தையே நிறுத்திவிட்டனர். ('பேரிஷ்' என்றதும் ஆலயப் பங்கு என எண்ணவேண்டா, 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊராட்சிக்கெனத் தனி மன்றங்கள் அமைந்தபோதும் பழைய பங்கின் பெயரே அவற்றுக்கு நிலைத்தது.) மன்றத்தின் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று, நூற்றுக்கணக்கான கால்கள் மிதிக்கும் பாதை தேயத்தானே செய்யும்? ஓடுவோரின் வாதமும் வலியது. பொதுவெளியில் கால்வைக்கக் கட்டணம் என்பது வேலியின் மறுவடிவமே. இரு சாராரும் தத்தம் நியாயத்தில் நிற்க, பூங்கா வெறுமையாயிற்று.

இத்தகைய சிக்கலுக்குத் திருச்சபையின் சமூகப் போதனை ஒளி தருகிறது. 1931-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல், சிறு அமைப்புகள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது நீதிக்கு மாறானது என்று கற்பித்தது. பெரிய அமைப்பு இயல்பாகவே அவற்றுக்குத் துணைநிற்கவேண்டியது என்றும் அது கூறிற்று. இந்நெறி இருமுனை வாள். மரத்தை வெட்டிச் சாய்ப்பது, விளக்கிடுவது, பாதை செப்பனிடுவது, தோட்டக்காரருக்கு ஊதியமளிப்பது ஆகியவற்றை அரசு தொண்டரின் தோளில் ஏற்றலாகாது. அதேபோல், தம் தெருமுனைத் திடலின் குப்பைக்கும் அரசையே நோக்கி ஊரார் கைகட்டி நிற்பதும் முறையன்று. தொண்டு அரசின் கடமைக்கு மாற்று ஆகாது. அக்கடமையைக் கண்காணிக்கும் உரிமையைத் தொண்டே ஊராருக்கு ஈட்டித்தருகிறது. வாரந்தோறும் ஓரிடத்தில் களை பிடுங்கியவன் அவ்விடம் விற்பனைக்கு வரும்போது வாளாவிருப்பானா? லௌட்டன் முதியவர் நள்ளிரவில் வெட்டிய ஒற்றைக்கிளையின் பொருளும் இதுவன்றோ? பயிலப்படாத உரிமை மெல்ல மறையும்.

நால்வகை நன்மை

ஜார்ஜ் ஹெர்பெர்ட் கூறிய நான்கு நன்மைகளையும் இப்போது எடுத்து நிறுத்துப் பார்ப்போம். நீதி என்னும் இரண்டாம் நன்மை ஓடிவந்து உழைப்போரிடம் உண்டு. பேணப்படும் பொதுநிலம் பறிபோவது அரிது. அன்பு என்னும் மூன்றாம் நன்மையும் உண்டு. ஒரே நகரில் ஒருவரையொருவர் அறியாது வாழ்வோர் ஒரே தள்ளுவண்டியை இருபுறமும் பிடிக்கும்போது பேச்சுப் பிறக்கிறது, பெயர் தெரியவருகிறது. இரக்கம் என்னும் நான்காம் நன்மை, கதவைத் தட்டும் ஓசைக்காக வாரமெல்லாம் காத்திருக்கும் முதியோரின் இல்லங்களில் நிறைவேறுகிறது.

எஞ்சியது முதலாவது, இறையாசி. குட்ஜிம் சமயச் சார்பற்ற அமைப்பு; அவர்கள் மன்றாட்டுமாலை பாடுவதில்லை. அதற்காக அவர்களது உழைப்பு ஆசி பெறாதது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' மடலின் 232-ஆம் பத்தி இதனையே தொடுகிறது. ஒரு கட்டடத்தையோ நீரூற்றையோ சதுக்கத்தையோ அனைவருக்கும் உரியதெனக் கருதிக் காத்துச் செப்பனிடும் எளிய மக்களை அவர் அங்கே எண்ணிப் பார்க்கிறார். அவ்வாறு செய்வோரிடையே உறவுகள் மலர்கின்றன என்றும், அக்கறையின்மையின் பிடி தளர்கிறது என்றும், அத்தகைய செயல் தன்னளவில் ஆழ்ந்த ஆன்மிக அனுபவமாகலாம் என்றும் அவர் கற்பிக்கிறார். இலக்கறிந்து ஓடுபவனைத் தம் வாழ்வுக்கு உவமையாக்கிய பவுலடியாரும் இதைக் கண்டு மகிழ்ந்திருப்பார் என்றே எண்ணுகிறோம்.

ஆனால் இங்கே நம்மை நோக்கியும் ஒரு கேள்வி திரும்புகிறது. வழிபாடும் நிலக்காவலும் ஒரே பவனியாய் இருந்த மரபு நம்முடையது. குருவும் சிறுவரும் முதியவரும் ஒருங்கே நடந்து, மரத்தடியில் நற்செய்தி கேட்டு, எல்லைக்கல்லைத் தொட்டு வணங்கிய மரபு அது. காலப்போக்கில் நாம் மன்றாட்டை ஆலயத்துக்குள் வைத்துக்கொண்டோம். நடையையும் நிலத்தையும் வெளியே விட்டுவிட்டோம். விட்டதை வேறு யாரோ எடுத்துச் செய்கிறார்கள். அவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெறவேண்டும் என்பதில்லை. அவர்களோடு சேர்ந்துகொண்டால் போதும். பங்கின் எல்லைக்குள் பாழாய்க் கிடக்கும் ஒரு பொதுத்திடலைத் தேர்ந்து, மன்றாட்டு நாளொன்றில் இளைஞரும் முதியோரும் அங்கு நடந்துசென்று, செபித்தபின் மண்வெட்டியை எடுப்பதற்கு எந்தத் திருச்சட்டமும் தடையில்லை. அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் உடன் அழைக்கலாம். எல்லைப்பவனியில் ஊரே நடந்தது.

பெர்க்கம்ஸ்டெட்டில் வேலி சாய ஓர் இரவு போதுமாயிருந்தது. அந்நிலம் பசுமையாய் நிற்பதற்கோ அன்றிலிருந்து இன்றுவரை எண்ணற்ற சாதாரண நாள்கள் தேவைப்பட்டன. அந்நாள்களில் உழைத்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நம் ஊர்ப் பொதுத்திடலுக்கும் அத்தகைய நாள்கள் தேவைப்படுகின்றன. அவற்றுள் ஒரு நாளை நாம் கொடுக்கலாம்.